புளியரை ஏற்றத்தில் கேட்ட சிரட்டைச் சத்தம்: ஒரு பழைய மாருதி 800-இன் நிகழ்வு ஆய்வு

வண்டி 1999 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, மூன்று சிலிண்டர், 796 சிசி, ஏசி கிடையாது. கேஎல் 02 பதிவு. மீட்டர் 1,12,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. உரிமையாளர் ஆரியங்காவுப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வாங்கிய நாளிலிருந்து அவர் ஒருவர் கைதான். என் பட்டறை செங்கோட்டையில் இருக்கிறது. காய்கறிக்கும் மருந்துக்கும் மலை இறங்கி வருகிறவர், வண்டியையும் அப்படியே என்னிடம் விட்டுப் போவார்.

2023 ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த ஒரு காலை. வந்ததும் அவர் சொன்னது இதுதான்: "தம்பி, மலை ஏறும்போது இன்ஜினுக்குள்ள இருந்து கடகடன்னு சத்தம் வருது. ரெண்டு சிரட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டுன மாதிரி."

அவர் வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம். பால் பிடிக்கிற சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் சத்தத்தைத் தினமும் கேட்கிறவர். அந்த உவமையை நான் அன்றைக்கே காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். சிரட்டை மோதினால் வருவது தகரச் சத்தம் இல்லை. கனமான, உள்ளே காற்று அடைபட்ட சத்தம். ஆனால் பானெட்டைத் திறந்ததும் என் காதில் விழுந்தது வேறு: ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) மெல்லிய "கிலுகிலு". எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டில் ஒரு போல்ட்டைக் காணோம், துளை துருவேறி அகன்றிருந்தது. மரக்கட்டையால் தகட்டை அழுத்தினேன், சத்தம் நின்றது. கையை எடுத்தேன், வந்தது. பெரிய வாஷர் போட்டு, புதுப் போல்ட் முடுக்கி, பிரானூர் வரை ஒரு சுற்றுப் போய் வந்தோம். அமைதியாக இருந்தது. 150 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் போன் வந்தது. "தம்பி, கிலுகிலு போயிருச்சு. கடகட அப்படியே இருக்கு."

இருந்தது இரண்டு சத்தம். எனக்குக் கேட்டதைச் சரி செய்துவிட்டு, அவருக்குக் கேட்டதை விட்டுவிட்டேன். பிரானூர் சாலை சமதளம். இன்ஜினும் முழுதாகச் சூடேறவில்லை. மலையில் வருகிற சத்தத்தைச் சமவெளியில் தேடியது என் தவறு.

அடுத்த முறை அவர் வந்தபோது முகம் வாடியிருந்தது. இடையில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். அவர்கள் ஐட்லிங்கில் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "பிக் எண்டு பேரிங் போச்சு, இன்ஜின் இறக்கணும், 32,000 ஆகும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். (பிஸ்டன்கள் சுற்றுகிற முதன்மைத் தண்டு கிராங்க். பிஸ்டனை அதோடு சேர்ப்பது கனெக்டிங் ராடு. அது கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது பிக் எண்டு பேரிங்.) அதற்கும் முன்னால் இன்னொருவர் வால்வை அழுத்தும் டேப்பெட்டைச் செட் செய்து, 20W-50 கட்டி ஆயில் ஊற்றிப் பார்த்திருக்கிறார். சத்தம் துளியும் மாறவில்லை. மறு வருஷம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதினைந்து வருஷம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அந்த வேலை வரும். "இவ்வளவு செலவு செஞ்சு வச்சுக்கணுமா, இல்ல இரும்புக்குப் போட்டுரலாமா?" என்று கேட்டார்.

"சார், முதல்ல சத்தம் எங்க இருந்து வருதுன்னு பாப்போம். அதுவரைக்கும் யாரும் இன்ஜினைத் தொட வேண்டாம்" என்றேன்.

சாலையில்

இந்த முறை டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து கேட்டேன். சூடாக இருக்கும்போதா, குளிர்ச்சியிலா? சூட்டில்தான். எந்த கியரில்? எல்லாவற்றிலும். எத்தனை நாளாக? மாசியிலிருந்து. அதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்? "ஒண்ணும் பாக்கலையே தம்பி, சர்வீஸ் மட்டும்தான்." இந்தப் பதிலை அப்படியே குறித்துக்கொண்டேன். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

அப்புறம் இருவரும் வண்டியில் ஏறினோம். முதலில் அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். புளியரை தாண்டி ஏற்றம் தொடங்குகிறது. கோட்டைவாசல் வளைவுகளில் ஒரு பக்கம் பாறைச் சுவர் வண்டியை ஒட்டி வரும். இன்ஜின் சத்தத்தைக் கேட்க இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. பானெட்டுக்கு அடியில் அமுங்கிப்போகிற சத்தம், சுவரில் பட்டு ஜன்னல் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

கேட்டது. சிரட்டைதான்.

ஆனால் அவர் சொன்னதுபோல ஏறும்போது இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டி நிதானமாக இழுக்கும் வரை இன்ஜின் சுத்தமாக ஓடியது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் காலை எடுப்பார். அந்த நொடியில் "கடகட". வளைவு திரும்பி மறுபடி மிதித்ததும் நின்றுவிடும். மலை ஏறும்போது சத்தம் என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. மலையில்தானே அடிக்கடி கால் எடுக்க வேண்டியிருக்கிறது! ஆரியங்காவில் ஓரமாக நிறுத்தி ஐட்லிங்கில் விட்டோம். தொடர்ந்து தட்டிக்கொண்டே இருந்தது.

இதை அறிந்ததே பாதி வேலை. எரிபொருள் முன்கூட்டியே வெடிக்கிற சத்தம், நாங்கள் "நாக்கிங்" என்று சொல்வது, எதிர்மாறாக நடந்துகொள்ளும். ஏற்றத்தில் பெரிய கியரில் மிதித்தால்தான் வரும், சோழியைத் தகர டப்பாவில் குலுக்குவது போலச் சன்னமாக இருக்கும், காலை எடுத்தால் நின்றுவிடும். ஆக, அது இல்லை. பிஸ்டன் தேய்ந்து சிலிண்டர் சுவரில் அடிக்கும் சத்தம் குளிர்ந்த இன்ஜினில் அதிகமாகவும் சூடேறினால் குறைவாகவும் இருக்கும். அதுவும் இல்லை. பிக் எண்டு பேரிங் தேய்ந்திருந்தால் சூட்டில் கூடும், அது பொருந்துகிறது. ஆனால் இன்ஜின் சுமை இழுக்கும்போது அது "டொக் டொக்" என்று இன்னும் கனமாக வேண்டும். இங்கே சுமை ஏறினால் அமைதி. மேலும், கட்டி ஆயில் ஊற்றியும் சத்தம் கொஞ்சம்கூட அமுங்கவில்லை என்பது பேரிங் மீதிருந்த சந்தேகத்தைக் குறைத்தது.

பட்டறையில்

திரும்பி வந்ததும் சூடு ஆறுவதற்குள் சோதனைகளை ஆரம்பித்தேன்.

முதலில் கிளட்ச். மிதித்தாலும் விட்டாலும் சத்தத்தில் மாற்றம் இல்லை. கியர்பாக்ஸை ஒதுக்கியாயிற்று. அடுத்து பிளக் வயர்கள். ஐட்லிங்கில் ஓடும்போது ரப்பர் உறை போட்ட இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். பிக் எண்டு பேரிங் தட்டுகிறது என்றால், அந்த சிலிண்டரின் தீப்பொறியை நிறுத்தியதும் கனெக்டிங் ராடின் மேல் விழும் அடி குறைந்து, சத்தம் தெளிவாகத் தணியும். மூன்றையும் மாறி மாறிக் கழற்றினேன். இன்ஜின் உதறியது, தட்டல் கூடியதே தவிர எந்த சிலிண்டரிலும் குறையவில்லை. (இந்தச் சோதனையை, கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டரில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டிகளில் செய்ய வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் அதைக் கெடுத்துவிடும்.)

ஆயில் பிரஷர் சென்ஸரைக் கழற்றி மீட்டர் மாட்டினேன். சூட்டில், ஐட்லிங்கில், முள் நடுங்காமல் நின்றது. பேரிங் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது.

அப்புறம் நீளமான ஸ்குரூடிரைவர். கைப்பிடியைக் காதெலும்பில் வைத்து, முனையை ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்பது. புனலூரில் நான் தொழில் படித்த ஆசான் இதைத்தான் முதல் நாள் கற்றுக்கொடுத்தார். வேட்டி நுனி, சட்டைக் கை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் பெல்ட் பக்கம் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். வால்வு கவர் மேல் வைத்தால் டேப்பெட்டின் சீரான தையல் மெஷின் சத்தம். கேடில்லை. ஆல்டர்னேட்டரில் வெறும் இரைச்சல். வாட்டர் பம்பில் ஒன்றும் இல்லை. ஆயில் பேனில் தட்டல் மங்கலாக, எங்கோ தொலைவில் கேட்டது. டைமிங் பெல்ட்டை மூடியிருக்கும் டைமிங் கவரின் கீழ்ப்பகுதியில், கிராங்க் புல்லிக்குப் பக்கத்தில் வைத்ததும் பல்லில் அடித்ததுபோல் தெறித்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் கிராங்க் நொடிக்கு 15 முறை சுற்றுகிறது. டைமிங் பெல்ட் வழியாகக் கிராங்க் சுற்றி, வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் அதில் பாதி, ஏழரை முறை. ஒரு டேப்பெட் தளர்ந்திருந்தால் நொடிக்கு ஏழெட்டு "டிக்". பழகிய காது கிட்டத்தட்ட எண்ணிவிடும். கிராங்கோடு நேராகப் பூட்டிய ஒன்று தட்டினால் அதன் இரு மடங்கு, எண்ண முடியாத "கடகட". இந்தச் சத்தம் எண்ண முடியாதது. போதாததற்கு அடிக்கடி தாளமும் தவறியது. ஒரே இடத்தில் தேய்ந்த பாகம் இப்படித் தாளம் தவறாது. எதுவோ இரண்டு பக்கமும் மாறி மாறி மோதிக்கொண்டிருந்தது.

நான் எதிர்பார்க்காத துப்பு ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. மழை இருட்டாக இருந்ததால் சார் ஹெட்லைட்டைப் போட்டார். சத்தம் பாதியாகக் குறைந்தது. அணைத்தார், பழையபடி வந்தது. மூன்று முறை செய்து பார்க்கச் சொன்னேன். மூன்று முறையும் அப்படியே.

விளக்கு எரிந்தால் ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடும். ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது ஃபேன் பெல்ட். (இந்த வண்டியில் ஃபேன் மோட்டாரில்தான் ஓடுகிறது, பெல்ட் சுற்றுவது ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும். ஆனாலும் பழைய பெயர்தான் எல்லார் வாயிலும்.) அந்த பெல்ட்டை இழுப்பது கிராங்க் புல்லி. ஆக, புல்லியைப் பின்னோக்கிப் பிடித்து இழுக்கிற சுமை கூடினால் சத்தம் குறைகிறது. சரி, அந்தச் சுமையையே எடுத்துவிட்டால்? இன்ஜினை நிறுத்தி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, மறுபடி ஓடவிட்டேன். வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அரை நிமிடத்துக்கு மேல் விடவில்லை. அந்த அரை நிமிடத்தில் பட்டறை முழுக்க சிரட்டை உருண்டது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அடுத்து டைமிங் லைட், தீப்பொறி விழும் நொடியில் மின்னுகிற விளக்கு. இந்த வண்டியில் இக்னிஷன் டைமிங் குறியைப் பார்ப்பது கிளட்ச் ஹவுசிங்கில் ரப்பர் மூடி போட்ட சின்ன ஜன்னல் வழியாக. குறி ஃப்ளைவீலில் இருக்கிறது. ஃப்ளைவீல் கிராங்கின் ஒரு முனையில் போல்ட் போட்டுப் பூட்டியது, அது நழுவாது. தீப்பொறிக்கு நேரம் சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரோ கிராங்கின் மறுமுனையிலிருந்து டைமிங் பெல்ட், கேம்ஷாஃப்ட் வழியாகச் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது ஆட்டம் இருந்தால் குறி ஓரிடத்தில் நிற்காது. விளக்கை அடித்தேன். குறி இப்படியும் அப்படியும் ஆடியது. ஐந்து டிகிரி இருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்தாலும் குறி ஆடும். அதனால் உடனே முடிவுக்கு வரவில்லை. ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. பிறகு ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, நாலாம் கியரில் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். என் பையன் அதற்குள் சுற்றும் ரோட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான், நான் ஜன்னல் வழியாக ஃப்ளைவீலைப் பார்த்தேன், சார் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினார். ஃப்ளைவீல் நகர்ந்தது, ரோட்டர் சும்மா நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் ரோட்டர் "டக்" என்று தொடர்ந்தது. பட்டறையில் பெயிண்ட் வேலைக்கு நின்ற இன்னொரு 800-இலும் இதையே செய்து பார்த்தோம். அங்கே இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக நகர்ந்தன.

அந்த நேரத்தில்தான் சாரிடம் மறுபடியும் கேட்டேன்: "சார், டைமிங் பெல்ட் எப்ப மாத்துனீங்க?"

"அது போன ஐப்பசியில மாத்துனது. அது சர்வீஸ்தானே?"

டேஷ்போர்டிலிருந்து பில்லை எடுத்துக் காட்டினார். பெல்ட், வாட்டர் பம்ப், கூலி. எட்டு மாதம் ஆகியிருந்தது. சத்தம் தொடங்கியது பெல்ட் மாற்றி நாலு மாதத்தில். அவரைக் குறை சொல்ல முடியாது, "வேலை" என்றால் அவருக்குப் பழுது பார்ப்பது, "சர்வீஸ்" என்றால் வேறு. நான்தான் "கடைசியாக யார், எதைக் கழற்றினார்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறேன். பில்லையும் வாங்கிப் பார்க்கிறேன்.

திறந்தபோது

கிராங்க் முனையின் நடு போல்ட்டைச் சாதாரணமாகக் கழற்ற வேண்டுமென்றால் ரெஞ்சுக்கு நீளக் குழாய் மாட்டி, உடம்பை முழுக்கப் போட்டு இழுக்க வேண்டியிருக்கும். இந்தப் போல்ட் ரிங் ஸ்பேனரில், ஒரு கை பலத்தில், சத்தமே இல்லாமல் திரும்பியது. பக்கத்தில் நின்ற பையன் என்னைப் பார்த்தான். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

புல்லியை எடுத்ததும் உள்ளே டைமிங் பெல்ட் ஓடும் பல்சக்கரம். விரலால் பிடித்து ஆட்டினேன், கிராங்க் அசையாமல் அது மட்டும் ஆடியது. அதை உருவியபோது கிராங்க் முனை முழுக்கச் செம்பொடி. குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பூசியதுபோல் இருந்தது. இரண்டு இரும்பு முகங்கள் இறுக்கமில்லாமல் ஒன்றோடொன்று நுண்ணியதாக உரசிக்கொண்டே இருந்தால் வரும் பொடி இது. நீர் பட்டு வரும் துருவைவிட மிக மென்மையாக இருக்கும், விரலில் தேய்த்தால் மாவாக ஒட்டும். இதைப் பார்த்தாலே எங்கோ ஒரு போல்ட் பிடிப்பை விட்டுவிட்டது என்று பொருள்.

பாதி கிராங்கிலும் பாதி பல்சக்கரத்திலும் உட்காரும் சின்ன இரும்புத் துண்டுதான் கீ. அதைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நேராக இருக்க வேண்டிய பக்கங்களில், கிராங்குக்குள் உட்காரும் பாதிக்கும் பல்சக்கரத்துக்குள் உட்காரும் பாதிக்கும் நடுவில் படிக்கட்டு வைத்தாற்போல் தேய்ந்திருந்தது. கிராங்கின் கீவேயில், அதாவது கீ உட்காரும் காடியில், ஒரு பக்க விளிம்பு நசுங்கி அகன்றிருந்தது. கடையிலிருந்து வாங்கி வந்த புதுக் கீயை அதில் வைத்து, பக்கத்தில் அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தேன். 0.25 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. பல்சக்கரத்தின் உள்காடியும் அகன்றிருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழகிய மெக்கானிக்குகளே இதில் தவறாக நினைக்கிறார்கள். பல்சக்கரத்தைக் கிராங்கோடு சேர்த்துச் சுற்றுவது கீ என்று பலர் நம்புகிறார்கள். கீ இடம் காட்டுவதற்கு மட்டும்தான். உண்மையில் சுழற்சியைக் கடத்துவது நடு போல்ட்டின் அழுத்தம். அது பல்சக்கரத்தைக் கிராங்கின் தோளோடு நெரித்து வைத்திருக்க வேண்டும். அந்த நெரிப்பு இருக்கும்வரை கீயின் மேல் பெரிய சுமை விழாது. அது தளர்ந்தால், அத்தனை அடியையும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு வாங்கும்.

அந்த அடியும் ஒரே திசையில் வருவதில்லை. மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஒரு உந்தல் வாங்கி வேகமெடுத்து, அடுத்த வெடிப்புக்குள் கொஞ்சம் தளர்கிறது. மேலே கேம், வால்வு ஸ்பிரிங்கை அழுத்தும்போது பெல்ட்டை இழுக்கிறது, ஸ்பிரிங் திரும்பும்போது பெல்ட்டை முன்னால் தள்ளுகிறது. ஐட்லிங்கில் இந்த இழுபறி பெரிதாகத் தெரியும். தளர்ந்த பல்சக்கரம் கீவேயின் இரண்டு சுவரிலும் மாறி மாறி மோதும். அதுதான் சிரட்டை. ஆல்டர்னேட்டர் சுமை கூடினால் பல்சக்கரம் ஒரே சுவரில் சாய்ந்து நின்றுவிடும், சத்தம் குறையும். நிதானமாக மிதித்து ஏறும்போதும் அப்படித்தான். காலை எடுத்த நொடியில் சுமை திசை மாறி மறு சுவரில் போய் அடிக்கும். சாலையில் கேட்டது, ஹெட்லைட்டில் கேட்டது, பெல்ட் இல்லாமல் கேட்டது எல்லாம் இந்த ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

தளர்ந்தது ஏன்? புல்லி முகத்திலும் பல்சக்கர முகத்திலும் பழைய அழுக்கும் கருகிய ஆயிலும் காய்ந்த படலமாக இருந்தன. பெல்ட் மாற்றியபோது துடைக்காமலே மாட்டியிருக்கிறார்கள். ஓட ஓட அந்தப் படலம் நசுங்கும், நசுங்கிய அளவுக்குப் போல்ட்டின் பிடி போகும். கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் சாதாரண ஸ்பேனரில் இறுக்கும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. டயரும் டிரைவ் ஷாஃப்ட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், போல்ட் இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும். அது இறுக்கம் இல்லை. வண்டியில் குறை இல்லை, இருபத்து நாலு வருஷம் அதே பாகம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது.

செய்த வேலை

முறையான வழி கிராங்க் ஷாஃப்ட்டை மாற்றுவது. அதற்கு இன்ஜின் இறக்க வேண்டும், செலவு அந்த 32,000-ஐத் தொடும். கிராங்கின் கீவே பாதிக்குமேல் அகன்று போயிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே சேதம் ஒரு விளிம்பில், கால் மில்லிமீட்டர். கிராங்கின் தோளும் வெளி வட்டமும் நன்றாக இருந்தன. அதனால் படிக் கீ போடலாம் என்று முடிவு செய்து, சாரிடம் இரண்டு வழியையும் சொன்னேன். "உங்க அப்பா வண்டியா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். இதைத்தான் செய்வேன் என்றேன்.

ஆயில் சீல் பக்கம் துணியை அடைத்து, கீவேயின் நசுங்கிய விளிம்பை ஊசி அரத்தால் நேராக்கினேன். இது அவசரப்படக் கூடாத வேலை, ஒன்றரை மணி நேரம் ஆனது. அகன்ற காடியின் அளவை எடுத்துக்கொண்டு தென்காசியில் ஒரு லேத்துக்குப் போனேன். கிராங்கில் உட்காரும் கீழ்ப்பாதி அகலமாகவும், புதுப் பல்சக்கரத்தில் உட்காரும் மேல்பாதி கம்பெனி அளவிலும் இருக்கும்படி ஒரு கீ. "அண்ணாச்சி, ரொம்பக் கெட்டி இரும்புல போட்டுராதீங்க, நாளைக்குத் தேஞ்சா கீதான் தேயணும், கிராங்க் இல்ல" என்றேன். அவருக்கு அதைச் சொல்லியே இருக்க வேண்டாம். முதல் கீ ஒரு மயிரிழை தளர்வாக வந்தது என்று அவரே ஒதுக்கிவிட்டு இரண்டாவதைக் கடைந்தார். கட்டைவிரலால் அழுத்தினால் போகாமல், செம்புச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் போகிற பொருத்தம்.

எல்லா முகங்களையும் பெட்ரோலில் கழுவி, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரை துடைத்தேன். புதுப் பல்சக்கரம், புது ஆயில் சீல், புது டைமிங் பெல்ட், புது நடு போல்ட். பழைய பெல்ட் எட்டு மாதம்தான் ஓடியது என்றாலும், ஆடும் பல்சக்கரத்தில் அடி வாங்கியதை மறுபடி நம்ப மனம் வரவில்லை. ஃப்ளைவீல் பல்லில் பூட்டுக் கம்பி போட்டுக் கிராங்கை அசையாமல் நிறுத்தி, போல்ட் மரையில் பிடிப்புப் பசை தடவி, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கினேன். டைமிங் குறிகளைச் சேர்த்து, கிராங்கை இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்றி, பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரை முடுக்கினேன். கட்டி ஆயிலை வடித்துவிட்டு மேனுவல் சொல்லும் ஆயிலை ஊற்றினேன். கடைசியில் டைமிங் லைட். குறி ஓரிடத்தில் ஆணி அடித்ததுபோல் நின்றது.

சாவியைச் சாரிடமே கொடுத்தேன். புளியரை ஏற்றத்தில், பாறைச் சுவரை ஒட்டி, வளைவுக்கு வளைவு வேண்டுமென்றே காலை எடுத்து எடுத்து ஓட்டினார். ஆரியங்காவில் நிறுத்தி, ஹெட்லைட்டை அணைத்து, ஐட்லிங்கில் விட்டு, இருவரும் இறங்கி நின்று கேட்டோம். டேப்பெட்டின் மெல்லிய தையல் மெஷின் சத்தமும் இலைகளிலிருந்து சொட்டுகிற தண்ணீரும்தான் கேட்டன. அவர் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "இதுலதான் என் மகளைப் பிரசவத்துக்குப் புனலூர் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

மொத்தச் செலவு, லேத்துக் கூலியும் என் கூலியும் சேர்த்து, 4,850 ரூபாய்.

போல்ட் தலையையும் பல்சக்கரத்தையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தேன். போல்ட் ஒரு மயிரளவு திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். மூன்று மாதம் கழித்து, 2,400 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வரச் சொல்லிக் கீழ்க் கவரைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். செம்பொடி இல்லை. கோடு போட்டபடியே நேராக இருந்தது. கவரை மூடி, அடுத்துப் பார்க்க வேண்டிய கிலோமீட்டரை அவருடைய அந்தப் பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதி டேஷ்போர்டில் வைத்தேன்.